கேட்டுப் பாருங்க: டிரைவுக்குள்ள கார்ட் போடுற கதை

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய ஒரே விஷயத்தைப் பத்தி. டீ பெக்டரில மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் இருக்கே, அதுக்குள்ள நெட்வேர்க் கார்ட் ஒன்னு போடச் சொல்லி மேல இருந்து ஓடர் வந்திருக்கு போல, தலவாக்கலைல இருந்து அப்புத்தளை வரைக்கும் ஆளாளுக்கு ஸ்க்ரூ டிரைவரும் கையுமா நிக்கிறீங்க. வீட்டு இன்வேட்டர், தண்ணி மோட்டர் பத்திக் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த மாசம்.

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலை பக்கம் ஒரு பெக்டரில எலக்ட்ரீஷியனா பதினோரு வருஷமா இருக்கேன். கொழுந்து வாட்டுற ட்ரஃப் ஃபேன் எட்டுக்கும் டிரைவ் இருக்கு. இப்ப கொழும்புல இருந்து புரொஃபிபஸ்ங்கிற நெட்வேர்க்குக்கு எட்டு கார்ட் அனுப்பி போடுங்கன்னுட்டாங்க, பெட்டில இருந்த கடுதாசி முழுக்க இங்கிலிஷ். ஒன்னைப் போட்டுப் பாத்தேன், டிரைவ் ஓன் ஆகுது, ஆனா கார்ட் இருக்கிறதாவே காட்டல. கார்ட் பழுதா, நான் பழுதா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: ரெண்டுமே பழுதில்லன்னுதான் நெனைக்கிறேன். கார்ட் போடுற வேலை அஞ்சு நிமிஷம்தான், அதுக்கு முந்தியும் பிந்தியும் உள்ளதுதான் நிஜமான வேலை, அதை யாரும் சொல்லித் தர்றதில்ல. முதல்ல இருந்தே வர்றேன், உங்க சந்தேகத்துக்கு பதில் நடுவுல வரும்.

டிரைவைத் தொடுறதுக்கு முந்தி அதுல இப்ப இருக்கிற பராமீட்டர் (செட்டிங்) அத்தனையும் ஒரு கொப்பில எழுதி வைங்க, இல்ல கீபேட்ல கொப்பி எடுக்கிற வசதி இருந்தா எடுத்து வைங்க. மோட்டர் அம்பியர், ரேம்ப் நேரம் (வேகம் ஏற இறங்க எடுக்கிற நேரம்), எந்த டெர்மினல்ல ஸ்டார்ட் வருது, இதெல்லாம். ஏதாச்சும் குழம்பிப் போச்சுன்னா பழைய நிலைமைக்குத் திரும்ப வேற வழி இல்ல. கார்ட் பெட்டில உள்ள நம்பரையும் டிரைவ் நேம் பிளேட்ல உள்ள மாடலையும் பக்கத்துல வச்சு ஒருக்கா ஒத்துப் பாருங்க, ஒரே கொம்பனி சாமான்ல கூட ஒரு குடும்பத்துக் கார்ட் இன்னொரு குடும்பத்துல ஏறாது.

அடுத்தது கரண்ட். ஐசொலேட்டரை ஓஃப் பண்ணி பூட்டு போட்டு சாவியை உங்க பொக்கெட்ல வைங்க, வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க, "அண்ணே ரெண்டு நிமிஷம் போடுறேன்"னு வர்றவன் எல்லா பெக்டரிலயும் ஒருத்தன் இருப்பான். ஓஃப் பண்ண உடனே திறந்துராதீங்க. நம்ம 400 வோல்ட் மூணு ஃபேஸ் கரண்ட் உள்ள போய் டிசி ஆகும்போது 565 வோல்ட் அளவுக்கு ஏறும், அதைப் பிடிச்சு வச்சிருக்கிற கெப்பாசிட்டர் மெயின் ஓஃப் ஆனாலும் உடனே இறங்காது. சின்ன டிரைவுக்கு 5 நிமிஷம், பெருசுக்கு 15 நிமிஷம், அதுக்கு மேலயும் இருக்கும், டிரைவ் நெஞ்சுலயே ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், அதுல போட்டிருக்கிறதுதான் கணக்கு. கீபேட் அணைஞ்சிருச்சு, அதனால வோல்ட் இல்லன்னு நெனைக்கிறது பெரிய தப்பு. நேரம் ஆனதும் மீட்டரை எடுத்து முதல்ல கரண்ட் இருக்கிற ஒரு இடத்துல வச்சு மீட்டர் வேலை செய்யுதான்னு பாருங்க, பிறகு டிரைவோட டிசி ப்ளஸ், டிசி மைனஸ் டெர்மினல்ல அளங்க, ரெண்டையும் எர்த்துக்கும் அளங்க, திரும்பப் போய் மீட்டரை ஒருக்கா சரி பாருங்க. பத்து வருஷம் செஞ்சவனுக்கு இது சின்னப் பிள்ளை வேலை மாதிரி தெரியும். மீட்டர் ஃபியூஸ் போனது தெரியாம சைபர்னு நம்பி கை வச்சவங்க உண்டு.

இன்னொன்னு, இதை நிறைய பேர் விட்டுருவாங்க. டிரைவ்ல ரிலே அவுட்புட் டெர்மினல் இருக்கும், அதுல வேற பெனல்ல இருந்து 230 வோல்ட் வந்து நிக்கலாம், டிரைவோட மெயினை ஓஃப் பண்ணாலும் அது சாகாது. கொன்ட்ரோல் போர்டுக்கு வெளிய இருந்து 24 வோல்ட் குடுத்திருந்தா அதையும் ஓஃப் பண்ணுங்க, கரண்ட் இருக்கும்போது கார்டை சொருகினா கார்டும் போகும், போர்டும் போகும்.

இனி கார்டுக்கு வருவோம். வெள்ளிக் கவரை அவசரப்பட்டு கிழிக்காதீங்க. நம்ம பக்கம் தை, மாசில காத்து காய்ஞ்சு குளிரா இருக்கும்போது எல்லாரும் நைலோன் ஸ்வெட்டர் போட்டிருப்போம், ராத்திரி அதைக் கழட்டும்போது சடசடன்னு பொறி பறக்குமே, அதேதான் கார்டுல உள்ள சிப்பைக் கொல்றது. நம்ம கைக்கு சுருக்குன்னு கூட தெரியாத அளவே அதுக்குப் போதும். ஸ்வெட்டரைக் கழட்டி வைங்க, ரிஸ்ட் ஸ்ட்ராப் இருந்தா கட்டுங்க, இல்லாட்டி எர்த் குடுத்திருக்கிற பெனல் தகட்டைத் தொட்டுட்டு கார்டை ஓரத்துல மட்டும் பிடிச்சு எடுங்க. தங்கக் கலர் பல்லுல விரல் படக் கூடாது.

டிரைவ் முன் மூடியைக் கழட்டுனா ஸ்லொட் தெரியும், அதை மூடி ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை எடுத்துருங்க. இப்ப டோர்ச் அடிச்சு உள்ள பாருங்க. டீ பெக்டரின்னா அங்க கட்டாயம் பஞ்சு மாதிரி டீ தூசி இருக்கும். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் பின்னுல ஒட்டி பச்சைப் பிடிக்கும், காய்ஞ்ச மெல்லிய பிரஷ் போதும். கார்டை நேரா வச்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவா அமத்துங்க, ஒரு பக்கம் ஏறி மத்தப் பக்கம் தூக்கிட்டு நின்னா பின் வளைஞ்சுரும். 'டக்'னு ஒக்காருறது கைக்கே தெரியும்.

உங்க கதைல எனக்கு முதல் சந்தேகம் இங்கதான். கார்ட் முக்கால்வாசி ஏறி நின்னா பாக்குறதுக்கு சரியா இருக்கும், டிரைவுக்கு மட்டும் தெரியாது. கழட்டித் திரும்பப் போடுங்க. கார்டோட சின்ன ஸ்க்ரூ ஒன்னு வந்திருக்குமே, அதைப் போட்டீங்களா? பல டிரைவ்ல அது கார்ட் விழாம இருக்கிறதுக்கு மட்டும் இல்ல, கார்டுக்கு எர்த் அந்த ஸ்க்ரூ வழியாத்தான் போகுது. அதைப் பெட்டிலயே விட்டுட்டு, ஏன் அடிக்கடி லைன் போகுதுன்னு மாசக் கணக்கா தேடுனவங்க இருக்காங்க.

ரெண்டாவது சந்தேகம் பராமீட்டர். கார்டைச் சொருகினா மட்டும் நிறைய டிரைவுக்குப் போதாது, ஃபீல்ட்பஸ் (இந்த மாதிரி மிஷின் நெட்வேர்க்குக்குப் பொதுப் பேர்) ஓன்னு ஒரு பராமீட்டர்ல சொல்லணும், அதுக்குப் பிறகுதான் கார்ட் எந்த வகைன்னு தானா கண்டுபிடிச்சுக் காட்டும். அட்ரஸ் (லைன்ல ஒவ்வொரு டிரைவுக்கும் உள்ள நம்பர்) மாதிரி செட்டிங் மாத்துனா "ரிஃப்ரெஷ்"னு இன்னொரு பராமீட்டரை அமத்தணும், இல்லாட்டி டிரைவை ஒருக்கா முழுசா ஓஃப் பண்ணி ஓன் பண்ணணும், அது வரைக்கும் பழைய செட்டிங்தான் ஓடும். நீங்க எல்லாம் சரியா போட்டுட்டு இந்த ஒன்னுல நின்னிருக்கவும் இடமிருக்கு.

அட்ரஸ் எட்டுக்கும் வேற வேறயா இருக்கணும். 1, 2ஐ பிஎல்சிக்கும் (டிரைவுக்கெல்லாம் ஓடர் குடுக்கிற கொன்ட்ரோல் கொம்பியூட்டர்) புரோக்ராம் பண்ற லெப்டொப்புக்கும் விட்டுட்டு 3ல ஆரம்பிச்சு 10 வரைக்கும் குடுங்க, ட்ரஃப் நம்பரோட ஒத்துப் போகணும்னா 11ல இருந்து 18, ராத்திரில போன்ல கதைக்கும்போது அது லேசு. கார்டுல திருப்புற சுவிட்ச் இருந்தா கரண்ட் குடுக்கிறதுக்கு முந்தியே திருப்பி வைங்க, பல கார்ட் ஓன் ஆகும்போது மட்டும்தான் அதைப் பாக்கும். பிஎல்சி பக்கம் உள்ளவருக்கு அந்தக் கார்டோட ஜிஎஸ்டி ஃபைல் வேணும், அது கார்ட் தன்னைப் பத்தி பிஎல்சிக்கு எழுதிக் குடுக்கிற ஜாதகம் மாதிரி, கொம்பனிக்காரங்க இலவசமாத்தான் தருவாங்க. கடைசில, எட்டையும் ஒரே நாள்ல போடாதீங்க. ஒன்னைப் போட்டு ரெண்டு நாள் ஓட விட்டுப் பாத்துட்டு மத்த ஏழையும் போடுங்க, கொழும்பு ஓபிஸ் என்ன அவசரம் காட்டினாலும் சரி.

கேள்வி: கார்டுல பச்சை லைட் அழகா எரியுது. பிஎல்சில ஸ்டார்ட் குடுத்தா மோட்டர் அசையவே மாட்டேங்குது. கீபேட்ல பச்சை பட்டனை அமத்துனா ஜம்முன்னு ஓடுது. என்னங்க நடக்குது?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: பச்சை லைட்டுன்னா கார்டும் பிஎல்சியும் கதைச்சுக்கிறாங்கன்னுதான் அர்த்தம், டிரைவ் அதைக் கேக்குதுன்னு அர்த்தம் இல்ல. தோட்டத்துல தொரை ஒரு பக்கம் சொல்றார், கணக்கப்பிள்ளை ஒரு பக்கம் சொல்றார், யார் பேச்சைக் கேக்கணும்னு முதல்லயே சொல்லி வச்சாத்தானே வேலை நடக்கும். டிரைவ்லயும் அதே கதைதான், அதுவும் ரெண்டு இடத்துல சொல்லணும். ஓடு, நில்லுன்னு சொல்றது யாருங்கிறது ஒரு பராமீட்டர், எவ்வளவு வேகம்னு சொல்றது யாருங்கிறது வேற பராமீட்டர். முதலாவதை மட்டும் நெட்வேர்க்குக்கு மாத்திட்டு ரெண்டாவதை மறந்தா டிரைவ் "ரன்"னு காட்டிட்டு சைபர் ஹேர்ட்ஸ்ல சும்மா நிக்கும். கீபேட் லோக்கல்ல இருக்கான்னும் பாருங்க, லோக்கல்ல இருந்தா நெட்வேர்க் என்ன கத்தினாலும் காதுல விழாது. ரன் எனேபிள்னு ஒரு டெர்மினல்ல வயர் வேணுமா இருக்கலாம், அதையும் பாத்துக்குங்க.

இதெல்லாம் சரின்னா பிஎல்சி அனுப்புற நம்பரைப் பாக்கணும். புரொஃபிடிரைவ்ங்கிற பொதுக் கட்டளை முறைல ஓடுற டிரைவுக்கு நேரா 1151 (ஓடுங்கிற கட்டளை) அனுப்பினா சில நேரம் எழும்பாது, முதல்ல 1150 அனுப்பி ரெடியாக்கிட்டு, பிறகு 1151. ட்ரிப் ஆகி ரீசெட் பண்ணினதுக்குப் பிறகும் அதே மாதிரி 1150க்குப் போய்த்தான் வரணும். வேகம் 16384ன்னா முழு வேகம், 8192ன்னா பாதி. சில கொம்பனி டிரைவ் தன்னோட சொந்த முறைல 20000த்தை முழு வேகமா வச்சிருக்கும், அதனால மெனுவல்ல ஒருக்கா பாத்துருங்க.

டிரைவ் மெனுல வந்து சேர்ற நம்பரை அப்படியே காட்டுற இடம் ஒன்னு இருக்கும், அதைத் தேடிப் பிடிங்க. நீங்க 1151 அனுப்பி அங்க 32516ன்னு தெரிஞ்சா, 16384 அனுப்பி வெறும் 64ன்னு தெரிஞ்சா, நம்பரோட ரெண்டு பாதியும் (பைட்) இடம் மாறி வருது. வயரும் சரி, கார்டும் சரி, பிஎல்சி புரோக்ராம்ல ஒரு வரி மாத்தினா முடிஞ்சுது. இந்த 64ஐப் பாத்துட்டு ஒரு நாள் முழுக்க கார்டை மாத்தி மாத்திப் போட்டவன் நான், அதனாலதான் இவ்வளவு உறுதியா சொல்றேன்.

கேள்வி: எங்க தோட்டத்துல டிரைவுக்கு ஆர்எஸ்-485ங்கிற ரெண்டு வயர் லைன்ல மொட்பஸ் நெட்வேர்க். ஆறு டிரைவ்ல கடைசி ரெண்டு மட்டும் அடிக்கடி லைன்ல இருந்து போயிரும், பிறகு தானா வரும். பெரிய ரோலர் ஓடும்போது அது கூடும். மழைக்கும் கூடும். கார்டை மாத்தியும் பாத்தாச்சு.
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: கார்டை விட்டுருங்க, வயரைப் பிடிங்க. எல்லாத்தையும் ஓஃப் பண்ணிட்டு லைனோட ரெண்டு வயருக்கு நடுவுல மீட்டர்ல ஓம் பாருங்க. லைனுக்கு ரெண்டு முனைலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கணும், ரெண்டும் இருந்தா மீட்டர் 60 கிட்ட காட்டும். 120 காட்டினா ஒரு முனைல இல்ல, இல்லாட்டி நடுவுல எங்கயோ வயர் அறுந்திருக்கு. 40 காட்டினா நடுவுல உள்ள ஏதோ ஒரு டிரைவ்ல யாரோ மூணாவது ரெசிஸ்டரையும் சுவிட்ச் பண்ணி வச்சிருக்காங்க. இந்த ஒரு அளவுலயே பாதி வியாதி தெரிஞ்சுரும்.

பிறகு லைன் போற பாதையை நடந்து பாருங்க. ஒரு டிரைவ்ல இருந்து அடுத்ததுக்கு, அதுல இருந்து அடுத்ததுக்குன்னு மாலை கோர்த்த மாதிரி போகணும். நடுவுல ஒரு ஜங்ஷன் பொக்ஸ் வச்சு அங்க இருந்து ஆறு பக்கமும் பிரிச்சிருந்தா அதை உடைச்சு மாத்துங்க, அதுக்கு மருந்து கிடையாது. ஆர்எஸ்-485 குறைஞ்ச வேகத்துல 1200 மீட்டர் வரைக்கும் போகும்னு புத்தகத்துல இருக்கிறது உண்மை, ஆனா அது முறுக்கின, ஷீல்ட் உள்ள கேபிளுக்குச் சொன்னது, மிச்சம் கிடந்த டெலிபோன் வயருக்கு இல்ல. உங்க ரோலர் விஷயம் அனேகமா மோட்டர் கேபிளும் இந்த வயரும் ஒரே ட்ரேல படுத்துக் கிடக்கிறதுனாலதான். டிரைவ்ல இருந்து மோட்டருக்குப் போற கேபிள்தான் அந்தக் கட்டடத்துலயே ஆகக் கூடின சத்தக்காரன் (காதுக்கு இல்ல, பக்கத்து வயருக்கு), அதுக்கிட்ட இருந்து ஒரு அடி தள்ளிப் போடுங்க, குறுக்க வெட்டித்தான் போகணும்னா நேர்க் குறுக்கா வெட்டிப் போங்க. ஷீல்டை டிரைவ் மெனுவல் சொல்ற கிளாம்ப்ல அகலமாப் பிடிங்க, வால் மாதிரி நீட்டமா முறுக்கி ஒரு ஸ்க்ரூல மாட்டாதீங்க.

மழைக்குப் போகுதுன்னா எங்கயோ பொக்ஸ்ல தண்ணி. வெளிச் சுவத்துல உள்ள பொக்ஸைத்தான் முதல்ல திறங்க, உள்ள எறும்புக் கூடு இருந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. லைன் ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகுதுன்னா அந்தத் துண்டை ஃபைபர் (கண்ணாடி நார்) கேபிளாக்கச் சொல்லி எழுதுங்க. நம்ம பக்கம் சித்திரைலயும் ஐப்பசிலயும் பின்னேரத்துல இடி விழுற விழுகைக்கு, ரெண்டு கட்டடத்து எர்த்துக்கு நடுவுல ஒரு செம்பு வயரை இழுத்து வைக்கிறது கார்டுக்கு நாமளே குழி வெட்டுற மாதிரி.

கேள்வி: நுவரெலியால டிரைவ் சரியா வேலை செய்யாதுன்னு ஒரு சேல்ஸ்காரர் சொல்லி பெரிய சைஸ் விக்கப் பாக்குறார். உண்மையா?
(வாசகர், நானுஓயா)

பதில்: பாதி உண்மை. கடல் மட்டத்துல இருந்து 1000 மீட்டர் வரைக்கும்தான் நேம் பிளேட்ல உள்ள அம்பியர் முழுசா கிடைக்கும், அதுக்கு மேல காத்து மெல்லிசு, சூட்டை அவ்வளவா எடுத்துட்டுப் போகாது. பொதுவா ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 வீதம் குறைக்கச் சொல்வாங்க. நுவரெலியா 1868 மீட்டர், அப்படின்னா 9 வீதம் கிட்ட. 15 அம்பியர் டிரைவுன்னா 13.7ன்னு நெனைச்சுக்குங்க. உங்க மோட்டர் 12 அம்பியர்னா சேல்ஸ்காரருக்கு ஒரு பிளேன்டி குடுத்து அனுப்பி வைங்க, 14.5ன்னா அவர் சொல்றது சரி. நெட்வேர்க் கார்டுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்ல. குளிர் ஊர்ல கார்டுக்கு எதிரி பனித்தண்ணிதான். ஞாயித்துக்கிழமை முழுக்க பெக்டரி மூடி இருந்து திங்கக்கிழமை காலைல பெனலைத் திறந்தா உள்ள வேர்த்திருந்தா, தொடைச்சுக் காயாம ஓன் பண்ணாதீங்க. சின்ன ஹீட்டர் ஒன்னு பெனலுக்குள்ள வச்சா அந்தத் தலையிடியே இல்ல.

கேள்வி: நான் எலக்ட்ரிக்காரன் இல்ல, டீ மேக்கர். முப்பது வருஷமா கொழுந்தைக் கையால தொட்டுப் பாத்து ஃபேனைக் கூட்டிக் குறைச்சு வாட்டுறவன். இப்ப எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல பாக்கலாம்னு கார்ட் போடுறாங்க. இது எதுக்கு? ராத்திரில அந்த லைன் அறுந்தா என் கொழுந்து என்னாகும்?
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: ஐயா, கடைசில கேட்டீங்களே, அந்தக் கேள்வியை எனக்கு எழுதுன எலக்ட்ரீஷியன் ஒருத்தர் கூட கேக்கல. முதல் கேள்விக்கு சுருக்கமா சொல்லிட்டு அதுக்கு வர்றேன்.

எதுக்குன்னா, டிரைவால வர்ற லாபம் பெருசு, கார்டால வர்ற லாபம் சின்னது. ஃபேனை 50 ஹேர்ட்ஸ்ல இருந்து 40க்குக் குறைச்சா காத்து ஐஞ்சுல ஒரு பங்குதான் குறையும், ஆனா கரண்ட் கிட்டத்தட்ட பாதியாகிரும், ஏன்னா ஃபேனுக்கு வேகத்தோட மும்மடிப் பெருக்கம்தான் கணக்கு. 0.8ஐ மூணு தரம் பெருக்கிப் பாருங்க, 0.512 வரும். இந்த லாபம் உங்க கைலயே இருக்கு, குமிழைத் திருப்பினா போதும். கார்ட் என்ன செய்யும்னா, எந்த ட்ரஃப் எத்தனை மணிக்கு எந்த வேகத்துல ஓடிச்சு, எவ்வளவு கரண்ட் எடுத்துச்சுன்னு ஒரே இடத்துல எழுதி வைக்கும், ஈரத் தேமோமீட்டர், காய்ஞ்ச தேமோமீட்டர் ரெண்டையும் பாத்து வேகத்தைத் தானா மாத்தவும் வைக்கலாம். நாலு ட்ரஃப் உள்ள சின்ன பெக்டரிக்கு இது தேவைன்னு நான் சொல்ல மாட்டேன். பல டிரைவ்ல மொட்பஸ் லைன் கூடவே வருது, அதை வச்சே பாத்துக்கலாம், கார்டுக்குன்னு தனியா காசு குடுக்கத் தேவை இல்ல. கொழுந்தைத் தொட்டுப் பாக்கிற உங்க கைக்கு இன்னும் கார்ட் வரல.

இனி லைன் அறுந்தா என்னாகும்? நான் ஒரு பெக்டரில (பேர் வேணாம்) எட்டு ஃபேனுக்கும் ஈதர்நெட் கார்ட் போட்டுக் குடுத்தேன். எல்லாம் அழகா ஓடிச்சு, பிளேன்டி குடிச்சுட்டு வந்துட்டேன். மூணாம் நாள் ராத்திரி 2 மணிக்கு போன். நைட் ஷிஃப்ட் பொடியன் ஒருத்தன் தன் போனை சார்ஜ் போட பொயின்ட் தேடி, அங்க சொருகி இருந்த ஒரு கறுப்பு அடெப்டரைக் கழட்டிட்டான், அதுதான் நெட்வேர்க் சுவிட்ச்சுக்கு கரண்ட் குடுக்கிறது. ஒரே நொடில எட்டு டிரைவும் "கொமியுனிகேஷன் லொஸ்"னு ட்ரிப். லைன் போனா என்ன செய்யணுங்கிற பராமீட்டரை நான் தொடவே இல்ல, அந்த டிரைவ் வரும்போதே அதுல "ட்ரிப்"னு இருந்திருக்கு. நான் போய்ச் சேர விடிஞ்சிருச்சு. ட்ரஃப்ல கையை விட்டா அடுப்பாங்கரை மாதிரி கதகதன்னு இருக்கு, கொழுந்து பறிச்ச பிறகும் மூச்சு விடுமே, காத்து நின்னா அந்தச் சூடு உள்ளயே நின்னுரும், ஓரமெல்லாம் செவந்து போச்சு. அங்க உள்ள டீ மேக்கர் என்னை ஒரு வார்த்தை பேசல, ஒரு பிடி அள்ளி என் கைல வச்சுட்டுப் போயிட்டார்.

அந்தப் பையன் மேல தப்பில்ல. லைன் போனா என்ன செய்யணும்னு கார்ட் போடுறவன் முடிவு பண்ணக் கூடாது, டீ மேக்கர் சொல்லணும், கார்ட் போடுறவன் கேட்டு எழுதிக்கணும். பொதுவா டிரைவ் நாலு வழி தரும்: ட்ரிப் ஆகிரு, மெதுவா நில்லு, கடைசியா ஓடுன வேகத்துலயே ஓடு, இல்ல முன்கூட்டியே சொல்லி வச்ச ஒரு வேகத்துல ஓடு. வாட்டுற ஃபேனுக்கு மூணாவது இல்ல நாலாவது. கொழுந்து ஏத்துற கன்வேயர், ரோலர் மாதிரி கை போற மிஷினுக்கு நிக்கிறதுதான். டிரையருக்கு நான் தனியா முடிவு பண்ண மாட்டேன், செயின் நின்னு சூடு மட்டும் வந்தாலும் வினை, சூட்டுக் காத்து நின்னாலும் வினை, உங்க ஆளுங்களோட ஒக்காந்து கதைச்சுத்தான் போடணும். எத்தனை செக்கன் பொறுத்துப் பாக்கணும்னும் ஒரு பராமீட்டர் இருக்கு, ஃபேனுக்கு ரெண்டு மூணு செக்கன் விடலாம், சும்மா ஒரு தும்மலுக்கெல்லாம் அலாரம் அடிக்காது.

எமர்ஜென்சி ஸ்டொப்பை மட்டும் நெட்வேர்க் வழியா கொண்டு போக விட்டுராதீங்க. சிவப்பு பட்டன்ல இருந்து டிரைவுக்கு நேரா வயர் போகணும், கார்ட் செத்தாலும் கொம்பியூட்டர் செத்தாலும் அது நிப்பாட்டணும். லைன் திரும்ப வந்ததும் மோட்டர் தானா எழும்புமான்னும் கேட்டு வைங்க, நின்ன மிஷினுக்குள்ள கையை விட்டுத் துடைச்சுட்டு இருக்கிறவனுக்கு அது தெரிஞ்சாகணும்.

உங்க பெக்டரில வேலை முடிஞ்சதுன்னு அவங்க கையெழுத்துக் கேக்க வரும்போது, கொழுந்து இல்லாத ஒரு பகல்ல ஃபேனை ஓட விட்டு, நீங்களே போய் அந்த நெட்வேர்க் வயரைப் பிடுங்குங்க. ஃபேன் ஓடிட்டே இருந்தா கையெழுத்துப் போடுங்க. நின்னா போடாதீங்க.

கேள்வி: பழுதான டிரைவ்ல இருந்து கழட்டின கார்டை வேற டிரைவ்ல போடலாமா?
(வாசகர், பதுளை)

பதில்: அதே குடும்பத்து டிரைவ்னா போடலாம், அட்ரஸ் பழசுதான் இருக்கும், மாத்தாம போட்டா லைன்ல ஏற்கனவே இருக்கிறவனோட முட்டிக்கும். ஆனா அந்த டிரைவ் எப்படிப் பழுதாச்சுன்னு தெரியுமா? இடி விழுந்து போனதுன்னா அந்தக் கார்டை நான் ஒரு ட்ரஃப்லயும் போட மாட்டேன்.